ஆராய்ச்சி நிலையங்களும் விஞ்ஞானச் சொற்பொழிவுகளும்

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பணி இருவகைப்படும். இயற்கையில் மறைந்து கிடக்கும் உண்மையைத் தேடிக் காண்பது ஒன்று. கண்ட உண்மையைப் பிறர் அறியச் சொல்வது மற்றொன்று. முன்னையது ஆய்வுகூடத்தில் நிகழ்வது. பின்னையது சொற்பொழிவு மண்டபத்தில் நிகழ்வது. விஞ்ஞான நிலையங்கள் தாம் நடத்தவிருக்கும் சொற்பொழிவுகளையும் கருத்தரங்குகளையும் செயலமர்வுகளையும் நிரற்படுத்தி முன்கூட்டியே அறிவித்தலை வழக்கமாகக் கொண்டுள்ளன. நாள், நேரம், இடம், பேசுபவர், பொருள் என ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும் அவ்வறிவித்தலைச் சடங்குத் தாள் ஒன்றாக எண்ணிக் கடந்து செல்வோர் பலர். அது சடங்கு அன்று, அழைப்பு. அவ்வழைப்பு எவ்வாறு தோன்றிற்று, அதனால் விளைந்த பயன் யாது, எல்கடுவ போன்ற மலையூர் ஒன்றின் மாணாக்கரை அது வந்தடைதற்குத் தடையாய் நிற்பவை எவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொழிவு மண்டபத்தின் தோற்றம்

விஞ்ஞானத்தைப் பொதுமக்கள் கேட்கப் பேசுதல் ஒரு நிலையான மரபாக வளர்ந்தமைக்கு இலண்டன் மாநகரின் இராயல் நிறுவனம் சிறந்த சான்றாகும். 1799ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தில், 1801ஆம் ஆண்டு முதலாக ஹம்பிரி டேவி என்னும் இரசாயன அறிஞர் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்குச் செல்வரும் கற்றோரும் திரண்டனர். அவர்தம் குதிரை வண்டிகளால் அத்தெருவில் நெருக்கடி மிகுந்தமையின், வண்டிகள் ஒரு திசையில் மட்டுமே செல்ல வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே ஏற்பட்டது என்று கூறுவர்.

ஆயினும், அம்மண்டபத்தின் பெருமை வண்டியில் வந்தோரால் உண்டானதன்று. புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பயின்றுகொண்டிருந்த மைக்கேல் பரடே என்னும் ஏழை இளைஞருக்கு, அக்கடைக்கு வந்துபோன ஒருவர் 1812ஆம் ஆண்டில் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க நுழைவுச்சீட்டு அளித்தார். பரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார், கேட்டவற்றைக் குறிப்பெடுத்தார், படங்களோடு செவ்விதாய் எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஆனார். மின்காந்தத் தூண்டலை 1831ஆம் ஆண்டில் கண்டறிந்து, இன்று உலகெங்கும் மின்பிறப்பாக்கிகள் சுழலுதற்கு அடிகோலியவர் அவரே.

இவ்வரலாற்றில் நுனித்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பரடே பள்ளிப்படிப்பு மிகுதியும் பெறாதவர். அவர் அறிவுலகினுள் நுழைந்தது நூலாலும் சொற்பொழிவாலுமே. நூல் அவர் கையில் தொழில் நிமித்தமாக வந்தது. சொற்பொழிவோ ஒருவர் அழைத்தமையால் வாய்த்தது. அவ்வுண்மையைத் தம் வாழ்வால் உணர்ந்தமையாற்போலும், பரடே பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளை 1826ஆம் ஆண்டு முதலாக நிலைநிறுத்தினார். இளைஞர்க்கென 1825ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நத்தார்காலச் சொற்பொழிவுகளில் பத்தொன்பது தொடர்களைத் தாமே நிகழ்த்தினார். அவற்றுள் ஒன்று, எரியும் மெழுகுதிரி ஒன்றையே பொருளாகக் கொண்டு ஆறு நாட் பேசியது; அது 1861ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. எல்லார் வீட்டிலும் உள்ள ஒரு பொருளிலிருந்து தொடங்கி, தகனம், வளியமுக்கம், நீரின் அமைப்பு, மனிதரின் சுவாசம் என்பன வரையிற் கேட்போரை அழைத்துச் செல்லும் முறையை அவர் கையாண்டார். விஞ்ஞானச் சொற்பொழிவுக்கு இன்றும் இதனிற் சிறந்த முன்மாதிரி காண்டல் அரிது.

கல்கத்தாவில் விளைந்தது

இம்மரபு கீழைத்தேயத்திலும் வேரூன்றிற்று. கல்கத்தாவின் புகழ்பெற்ற வைத்தியராகிய மகேந்திரலால் சர்க்கார், இந்தியர் தம் முயற்சியாலேயே நடத்தும் விஞ்ஞான நிலையம் ஒன்று வேண்டும் என்று 1869ஆம் ஆண்டில் எழுதினார். வீடுதோறும் பொருள் வேண்டி, 1876ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை நிறுவினார். தொடக்கத்தில் அங்கே பெரிதும் நடைபெற்றவை சொற்பொழிவுகளே. சர்க்காரும், லாபோன் என்னும் இயேசு சபைப் பாதிரியாரும் பௌதிகவியற் பொருள்களைச் செய்கைகளோடு விளக்கிப் பேசினர். ஆராய்ச்சி மட்டும் அவர் எதிர்பார்த்தவாறு வளரவில்லை. சர்க்கார் 1904ஆம் ஆண்டில் மறைந்தபோது, அவர் கண்ட கனவு நிறைவேறாததாகவே தோன்றிற்று.

மூன்றாண்டுகள் கழிந்தன. நிதித் திணைக்களத்தில் உத்தியோகம் ஏற்று 1907ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்த தமிழ் இளைஞர் ஒருவர், அச்சங்கத்தின் வாயிலை நாடிச் சென்றார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமனே அவர். பகலில் கணக்குக் கந்தோரிலும், காலையிலும் மாலையிலும் சங்கத்தின் ஆய்வுகூடத்திலுமாக ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார். 1917ஆம் ஆண்டில் உத்தியோகத்தைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அச்சங்கத்திலேயே, 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள், அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவு கண்டறியப்பட்டது. அவ்வாய்வில் உடனின்று உழைத்தவர் தென்பாண்டி நாட்டு வத்திராயிருப்பைச் சேர்ந்த கிருஷ்ணன் என்பதும் தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. இராமனுக்கு 1930ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது.

இவ்விளைவை இராமன் விரிவாக எடுத்துரைத்த இடம் யாது? 1928ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில், தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவே அது. அன்று அம்மண்டபத்தில் அமர்ந்திருந்தோர், உலகம் பின்னர் பாடநூல்களிற் படிக்கவிருந்ததை அதனைக் கண்டவர் வாயிலாகவே கேட்டனர். நூல் அறிவை முடிந்த முடிபாகத் தருவது. சொற்பொழிவோ அறிவு பிறந்துகொண்டிருக்கும் நிலையிலேயே அதனைக் காட்டவல்லது. நூல் இருக்கச் சொற்பொழிவு எதற்கு என்று வினாவுவார்க்கு இதுவே விடையாகும். கேட்பவன் இடைமறித்து ஐயம் வினாவலாம். பேசுபவர் தமக்கு விளங்காத இடம் இதுவென ஒப்புக்கொள்ளவும் கூடும். அறிஞர் ஒருவர் தம் அறியாமையின் எல்லையை வெளிப்படையாகச் சொல்வதைக் கேட்கும் மாணவன், விஞ்ஞானம் என்பது மனப்பாடம் செய்யத்தக்க முடிபுகளின் தொகுதி அன்று என்பதை அக்கணமே உணர்கின்றான்.

இலங்கை மலைகளும் ஆராய்ச்சி நிலையங்களும்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்புறச் சாரலை அடுத்துத் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்தது எல்கடுவ. இங்கிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கும், உக்குவளை வழியாக மாத்தளைக்கும் மக்கள் இறங்கிச் செல்வர். இம்மலைநாட்டின் வரலாறே ஒருவகையில் விஞ்ஞான ஆராய்ச்சியின் தேவையை உணர்த்தும் வரலாறாகும்.

தேயிலைக்கு முன்னர் இம்மலைகளில் ஓங்கியிருந்தது கோப்பி. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தது கோப்பிக் காலத்திலேயாம். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையிற் செம்மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றிய துருநோய் சில ஆண்டுகளில் இலங்கை எங்கும் பரவிற்று. மார்ஷல் உவோட் என்னும் இளம் தாவரவியலறிஞர் 1880ஆம் ஆண்டில் இங்கு வந்து இரண்டாண்டுகள் ஆராய்ந்தார். நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு என்பதையும், அதன் வித்திகள் காற்றிற் பறந்து சென்று ஈரமான இலையின்மீது முளைத்து இலைவாய்கள் வழியே உட்புகுகின்றன என்பதையும் அவர் நிறுவினார். இடைவெளியின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டமையே நோய் பரவ வழியாயிற்று என்பதும் அவர் கருத்தாயிருந்தது. ஆனால் உண்மை தெளிந்த காலத்தில் கோப்பியைக் காக்கும் காலம் கடந்துவிட்டது. பிந்தி வந்த அறிவு உண்மையாயிருந்தும் உதவியாகவில்லை.

அப்படிப்பினை வீண்போகவில்லை எனலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் உள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, செப்புச் சேர்வைகளைத் தெளித்து நோயைக் கட்டுப்படுத்தும் முறைகள் பரிசோதித்து வகுக்கப்பட்டன. கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கு நேரவில்லை. மாத்தளையிலோ மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய், கொக்கோ முதலிய பயிர்களை ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் நிலையம் உண்டு. பேராதனையில் 1821ஆம் ஆண்டில் அமைந்த தாவரவியற் பூங்காவும், பல்கலைக்கழகமும் உள்ளன.

இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது, கண்டி ஹந்தானை மலைச்சரிவில் அமைந்துள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய இந்நிறுவகம், 2014ஆம் ஆண்டில் தேசிய என்னும் அடையைப் பெற்றது. உடனடிப் பயனை மட்டும் கருதாது இயற்கையின் அடிப்படைகளை ஆராய்தல் இதன் குறிக்கோள். இதன் முதற் பணிப்பாளராக இருந்தவர் வானியலறிஞர் சந்திர விக்கிரமசிங்க. 1984ஆம் ஆண்டு முதலாக 1990ஆம் ஆண்டு வரையிற் பணிப்பாளராக இருந்தவர் சிறில் பொன்னம்பெரும. காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் இரசாயனவியலுக்குத் திரும்பியவர் அவர். உயிர் தோன்றுதற்கு முன்னைய பூமியில் அதன் மூலப்பொருள்கள் எவ்வாறு உருவாயின என்பதே அவர்தம் ஆராய்ச்சிப் பொருள். 1969ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் உள்ளன என்பதையும், அவை பூமியில் ஒட்டிய மாசு அல்ல என்பதையும் அவரும் அவர்தம் குழுவினரும் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சென்னையில் தத்துவம் படித்த மாணவர் ஒருவர் விண்ணிலிருந்து வீழ்ந்த கல்லில் உயிரின் மூலப்பொருளைத் தேடியவராக மாறினார் என்பது, கலைப்பிரிவு மாணாக்கர்க்கு விஞ்ஞானச் சொற்பொழிவு புறம்பானது என்று கருதுவோர் சிந்திக்கற்பாலது.

அறிவித்தலைப் படிக்கும் முறை

இத்தகைய நிறுவகம் ஒன்றின் நிகழ்ச்சிநிரலிற் பலவகை நிகழ்ச்சிகள் இடம்பெறும். அவற்றின் வேறுபாட்டை அறியாமற் செல்பவன் ஏமாற்றமடைதல் கூடும். பொதுச் சொற்பொழிவு என்பது துறைசாராதாரும் விளங்கிக்கொள்ளுமாறு அமைவது. நினைவுப் பேருரை மறைந்த அறிஞர் ஒருவர் பெயரால் நிகழ்வது. அத்துறையின் வளர்ச்சியை ஒருசேர நோக்க உதவுவது. ஆய்வுக் கருத்தரங்கு அதே துறையில் உழைப்போர் தமக்குள் நடத்துவது. அங்கே முடிவுறாத ஆய்வுகளும் குறைபாடுகளோடு முன்வைக்கப்பட்டுத் தாக்கப்படும். செயலமர்வு கேட்பதோடு நில்லாது கையாற் செய்து பழகுதற்குரியது. திறந்த நாள் என்பது ஆய்வுகூடங்களின் கதவுகளைப் பாடசாலை மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடும் நாள். ஹந்தானை நிறுவகத்தில் விஞ்ஞானக் கல்விக்கும் பரப்புகைக்குமெனத் தனிப்பிரிவு அமைந்துள்ளமை, பாடசாலைகளை நோக்கிய அதன் அக்கறைக்குச் சான்றாகும்.

அறிவித்தலிற் காணப்படும் தலைப்பு பெரும்பாலும் மாணவனை அச்சுறுத்தும். எடுத்துக்காட்டாக, வேர்மண்டல நுண்ணுயிர்களும் நைதரசன் பதித்தலும் என்றொரு தலைப்பைக் கொள்வோம். இஃது எட்டாத பொருள் என்று எல்கடுவ மாணவன் எண்ணக்கூடும். ஆனால் அவன் நடந்து வரும் பாதையோரத்திலே தொட்டாற்சுருங்கி மண்டிக் கிடக்கிறது. அதனை வேரோடு மெல்லப் பிடுங்கி மண்ணைக் கழுவினால், வேரிற் கடுகு போன்ற முடிச்சுகள் தோன்றும். அவற்றுள் ஒன்றை நகத்தாற் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் காணப்படலாம். காற்றில் ஐந்தில் நான்கு பங்காய் நிறைந்திருந்தும் செடிக்கு நேரே பயன்படாத நைதரசனைப் பற்றீரியாக்கள் பதித்துக்கொடுக்கும் தொழிற்சாலை அதுவே. அந்நிறம் மனிதக் குருதியின் நிறப்பொருளோடு உறவுடைய ஒரு புரதத்தால் ஆயது. மிளகுக்கொடி படரும் முள்முருக்கும் அவ்வினத்ததே. பரடே மெழுகுதிரியிலிருந்து தொடங்கியவாறே, ஆசிரியர் ஒருவர் இம்முடிச்சிலிருந்து தொடங்கி மாணவனை அச்சொற்பொழிவின் வாயில் வரையில் அழைத்துச் செல்லலாம். ஆயத்தமின்றிக் கேட்கும் சொற்பொழிவு கல்லின்மேற் பெய்த மழை. ஆயத்தத்தோடு கேட்பது உழுத நிலத்திற் பெய்த மழை.

அறிவு வந்தடையாவிடின்

ஆராய்ச்சி நிலையங்களின் சொற்பொழிவுகள் ஓய்வுகாலப் பொழுதுபோக்கு எனக் கருதுவோர்க்கு மலைநாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு விடையாகும்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே தடை தளர்த்தப்பட்டது. 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி, 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாகக் குறைந்தது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. உரக் குறைவு அவற்றுள் முதன்மையானது. தளிர் குறைந்தாற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தாற் பறிப்பவர் கைக்கு வரும் பணமும் குறையும். இதே காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஹந்தானை நிறுவகத்தில் நுண்ணுயிர்ப் படலங்களைக் கொண்டு தேயிலைக்கான உயிர் உரம் பற்றிய ஆய்வுகள் நடைபெற்றுவந்தன. இரசாயன உரத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தல் அவற்றின் நோக்கம். ஒரே நாளில் முற்றாக ஒழித்தல் அன்று. குறைத்தலுக்கும் ஒழித்தலுக்கும் உள்ள இவ்வேறுபாடு ஆய்வுகூடத்திலிருந்து மலைக்குப் பரவியிருந்தால், உரம் பற்றிய விவாதத்தில் தேயிலைச் செடியோடு வாழ்வோரும் அறிவோடு பங்குகொண்டிருப்பர்.

மற்றையது உயிரோடு தொடர்புடையது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்ட லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அதனால் உயிர்கள் காக்கப்படவில்லை. போவதற்கு வேறு காணியோ வீடோ இல்லாதவர்க்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பதை மறுத்தலாகாது. ஆயினும், எச்சரிக்கையின் பொருளை அறிந்த மக்களே மாற்றுக் காணியையும் உரிமையோடு கேட்க வல்லவராவர்.

மண்சரிவு பற்றிய விஞ்ஞானம் மாணாக்கர்க்கு எட்டாததன்று. நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயத்தொடங்கும் மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கும் ஊற்று, புதிதாகச் சுரக்கும் நீர், இருந்த ஊற்று வற்றுதல் என்பன அதன் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவையே அடிப்படையாகக் கொள்கின்றது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என அது படிநிலை வகுத்துள்ளது. பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியை நிறுத்தி நாடோறும் அளவு குறிக்கும் மாணவனுக்கு இம்மூன்று எண்களும் வெறும் எண்களாகா. இப்பொருள் பற்றி ஒரு நாட் சொற்பொழிவு எல்கடுவையில் நிகழுமாயின், அதன் பயனை அளத்தற்குப் பரீட்சைப் புள்ளி போதாது.

மொழி என்னும் வாயில்

இனித் தடைகளை நோக்குவோம். அவை தூரம், மொழி, ஆயத்தமின்மை என மூன்று. தூரம் முன்னைப்போல் இல்லை. விரிவுரைகள் பல இன்று கைத்தொலைபேசி வழியாகவும் கேட்கக் கிடைக்கின்றன. ஆயின், கிடைப்பது வேறு, விளங்குவது வேறு. ஆராய்ச்சி உலகின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே உளது. தமிழ்மூலம் கற்கும் மலைநாட்டு மாணவனுக்கு ஹந்தானை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும், அங்கே பேசப்படுவது கடல் கடந்த பொருளாகிவிடுகின்றது.

தமிழில் விஞ்ஞானம் சொல்ல இயலாது என்பார் கூற்று வரலாற்றறிவு இன்மையால் எழுவது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியக் கல்வியை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்து, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, இரசாயனம், சத்திரவைத்தியம் முதலிய துறைகளில் அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய தமிழ் நூல்கள் நாலாயிரம் பக்கத்தினும் மேற்பட்டன. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், இலங்கையில் இருந்தவாறே 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் ஆவர். 1936ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். பின்னர் இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் பாடநூல்களையும் வெளியிட்டது. இன்றைய மாணவன் வாயிற் சரளமாய் வழங்கும் ஒளித்தொகுப்பு, மின்காந்தம் போன்ற சொற்கள் இத்தகைய உழைப்பின் விளைவே.

ஆதலின், குறை மொழியில் இல்லை; அழைப்பில் உள்ளது. பேரறிஞர் ஒருவர் ஆங்கிலத்தில் நிகழ்த்தும் சொற்பொழிவுக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் முன்கூட்டியே அளித்தல் ஆராய்ச்சி நிலையங்களுக்கு அரிய செயலன்று. சிங்களத்திலும் தமிழிலும் அத்தகைய சுருக்கம் வழங்கப்பெறின், ஒரே மண்டபத்தில் இருமொழி மாணாக்கரும் அருகருகே அமர்ந்து ஒரே உண்மையைக் கேட்டல் இயலும். நைதரசன் பதிக்கும் பற்றீரியாவுக்கு மொழிவேறுபாடு இல்லை.

பாடசாலையின் பங்கு

மூன்றாவது தடையாகிய ஆயத்தமின்மையை நீக்குதல் முற்றும் பாடசாலையின் கையிலேயே உளது. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆராய்ச்சி நிலையங்களின் எதிர்வரும் நிகழ்ச்சிகளைத் திங்கள்தோறும் தொகுத்து, நூலக வாயிலில் தமிழில் எழுதி ஒட்டும் பொறுப்பை விஞ்ஞான மன்றத்து மாணாக்கர் ஏற்கலாம். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு முன் ஒரு வாரம் அப்பொருள் பற்றி வாசித்து, ஒவ்வொருவரும் இரு வினாக்களை எழுதிக்கொண்டு செல்லலாம். திரும்பியபின் கேட்டவற்றைக் குறிப்பாக எழுதி ஏனைய வகுப்புகளுக்கு எடுத்துரைக்கலாம். பரடேயை உயர்த்தியது சீட்டு அன்று. கேட்டதைச் செவ்விதாய் எழுதிய குறிப்பே.

பழைய மாணவர்க்கும் இதிற் கடமை உண்டு. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பணியாற்றுவோர், தம் துறை பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும் தாம் கற்ற பாடசாலையிற் பேசுவாராயின், அச்சொற்பொழிவின் மதிப்பு பேசும் பொருளோடு நில்லாது. இப்பெஞ்சில் அமர்ந்தவர் ஒருவர் இன்று அங்கே ஆராய்கின்றார் என்பதைக் கண்ணாற் காண்பதே மாணவனுக்குப் பெரும் பாடமாகும். வர இயலாதோர் ஒரு பேருந்தின் கூலியை ஏற்றலும் அறமே.

சிலர், உயர்தரப் பரீட்சையின் சுமை மிக்க இக்காலத்தில் பாடத்திட்டத்துக்குப் புறம்பான சொற்பொழிவுக்கு நேரம் ஏது என்பர். இக்கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. வசதி குறைந்த குடும்பத்து மாணவனுக்குப் பரீட்சையே முன்னேற்றத்தின் ஒரே படியாக உள்ள நிலையில், ஆசிரியர் அதனை அற்பமாக எண்ணலாகாது. ஆயினும், ஆண்டில் இரு நாள் பரீட்சையைக் கெடுத்துவிடாது. பாடத்தை ஏன் படிக்கின்றோம் என்பதை ஒருமுறை கண்ட மாணவன், எஞ்சிய நாள்களில் அதனை விரும்பிப் படிப்பான்.

கோப்பி அழிந்தபோது அறிவு காலம் கடந்து வந்தது. மீரியபெத்தையில் அறிவு வந்தும் வாழ்வாக மாறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலே, உரிய காலத்தில் உரிய மொழியில் உரியவர் செவியைச் சென்றடையும் சொல் என்பதொன்று உண்டு. ஆராய்ச்சி நிலையத்தின் சொற்பொழிவு அச்சொல்லாக வேண்டும். அதனை அறிவித்தல் நிலையத்தின் கடமை. அதற்கு ஆயத்தம் செய்தல் ஆசிரியரின் கடமை. அங்கே எழுந்து நின்று வினாவுதல் மாணவனின் உரிமை. அவ்வினா எல்கடுவ மலையிலிருந்து வந்ததாயின், விடை சொல்லும் அறிஞரும் அதனாற் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வர்.